அட்டையில் இரண்டு பென்குவின்கள்

“பென்குவின் ரெண்டும் இவ்வளவு தள்ளி நிக்கக் கூடாதாம், சார். கட்டுரையாளர் சொல்றாங்க.”

போனில் அறிவியல் இதழின் ஆசிரியர். வீட்டிலேயே மேசை போட்டு வரைந்துகொண்டிருந்த ஓவியருக்குச் சுர்ரென்று ஏறியது.

“காலைல நீலம் சரியில்லைன்னாங்க. அப்புறம் முட்டை பெருசுன்னாங்க. இப்ப இதுவா? அந்த மகராசிக்கு என்னதான் சார் வேணும்?”

“என்னைக் கேட்டா? நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.”

எழுதுகிறவரும் வரைகிறவரும் நேரடியாகப் பேசக் கூடாது, எல்லாம் ஆசிரியர் வழியாகத்தான் என்பது அந்த இதழின் விதி. விட்டால் அடித்துக்கொள்வார்களாம்.

இத்தனை நாளும் உள்பக்க மூலைகளில் கிருமிகளை வரைந்தவருக்கு முதல் முறையாக அட்டைப்படம் கிடைத்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் கட்டுரையாளர் சரியென்று சொல்லாவிட்டால், ஏதோ ஒரு புகைப்படம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினார்.

மறுபடியும் போன்.

“ஆண் பென்குவின் ஏன் இப்படி வாடியிருக்குன்னு கேக்கறாங்க.”

“பெட்டை கடலுக்குப் போயிடும், ஆண் பட்டினியா நின்னு அடைகாக்கும்னு அவங்கதானே எழுதியிருக்காங்க? பட்டினி கிடந்தா வாடாம, தொப்பையா போடும்?”

“அப்படியே சொல்லிடவா?”

“தாராளமா! திரும்பி வர்ற பெட்டை குரல் கொடுத்துத்தான் ஜோடியைக் கண்டுபிடிக்கும்னும் எழுதியிருக்காங்க. அதனால அது வாயைத் திறந்து வைக்கப் போறேன்னும் சொல்லுங்க.”

போனை வைத்தார். என்ன இருந்தாலும் அருமையான கட்டுரை. படித்தபோது அவருக்கே கண் கலங்கியது. அதை எழுதியவர் மேல் எவ்வளவு நேரம்தான் கோபப்படுவது? இரண்டு பென்குவின்களையும் உரசிக்கொண்டு நிற்க வைத்தார். அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்தபடி காத்திருந்தார்.

போன் அடித்தது.

“படம் ஓகே, சார்! அட்டை உங்களுக்குத்தான். பார்த்துட்டு அழுதுட்டாங்க.”

ஓவியர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “நிஜமாவா?”

“நிஜமாத்தான். ஆனா…”

“இன்னும் என்ன சார் ஆனா?”

“காலைலேர்ந்து நீங்க சாப்பிடலையாம். சமையலறையில தட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, உங்களை வரச் சொல்றாங்க. எழுதறவங்களும் வரையறவங்களும் பேசக் கூடாதுங்கறது எங்க விதிதான். அதுக்காகப் புருஷன் பொண்டாட்டியும் பேசிக்கக் கூடாதுன்னு நாங்க எப்ப சார் சொன்னோம்?”