நூற்றுக்கு நூறு பொருத்தம்

இப்போது ஜாதகத்தை யாரும் கேட்பதில்லை. இருவர் போனிலும் பார்த்தவற்றையும் ஆடியவற்றையும் ஒப்பிட்டுத்தான் பொருத்தம் சொல்கிறார்கள். என் மகள் நறுமுகையோ ஓயாமல் துப்பாக்கி கேம் ஆடுபவள். குடும்ப மானத்தைக் காக்க, ஒரு மாதம் நானே உட்கார்ந்து அவள் போனில் ஆன்மிகச் சொற்பொழிவு பார்த்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று, இரண்டு போன்களையும் ஒப்பிட்டுப் பார்த்த எங்கள் டிவி 'நூற்றுக்கு நூறு' என்றது. நான் மீசையைத் தடவினேன். மாப்பிள்ளை எழுந்துவிட்டான்.

"மன்னிச்சுக்கோங்க மாமா. இவ்வளவு பக்தியான பொண்ணோட என்னால காலம் தள்ள முடியாது."

"ஐயோ, அதெல்லாம் அப்பா பாத்ததுங்க!" என்றாள் நறுமுகை.

"அப்படியா? என் போன்ல பாத்தது எங்கம்மா!" என்று சிரித்தபடி அவன் உட்கார்ந்தான்.

அப்படியானால் அந்த நூறு எனக்கும் அந்த அம்மாளுக்கும்தான். என் மனைவி என் கையிலிருந்த காபியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.