இடமில்லை

கிரேன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிரகாசம் படுக்கையில் கிடந்து ஐந்து மாதமாகிவிட்டது. பொழுது போகட்டுமென்று துறைமுகத்து நண்பர்கள் புது கேம் கன்சோல் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி பயிற்சி செய்தால் நடக்கலாம் என்று சொன்ன டாக்டர் ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். அவன் மனைவி ஜெசிந்தா அதைக் கன்சோல் வழியாக டிவியில் ஓட்டிக்காட்ட நினைத்தாள்.

"அதுக்கு ஒரு ஆப் வேணும். கன்சோல்ல அத ஏத்த இடமில்ல. எந்த கேமையும் அழிக்க மாட்டேன்" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் அவன்.

அன்று இறால் கம்பெனியில் வேலை முடிந்து வந்தவள் உடைகூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து, கன்சோலின் மூடியைக் கழற்றி, இடத்தைக் கூட்ட வாங்கி வந்திருந்த சேமிப்பு டிஸ்க் ஒன்றை மாட்டினாள். ஆப் ஏறியது. அவள் தன் லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்த டாக்டரின் வீடியோ டிவியில் ஓடத் தொடங்கியது.

"இன்னைக்கு வேணாம், ஜெசி. வலிக்கும்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. எழுந்து வீடியோவை நிறுத்தவும் முடியவில்லை. அப்படியே தரையில் மல்லாந்து படுத்து, டிவியில் வந்த பெண் சொன்னபடி ஒரு காலைத் தூக்கினாள். பாதி உயரத்திலேயே கால் நடுங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "முழங்கால மடக்காத. குதிகால நீட்டி மெதுவாத் தூக்கணும்."

"எனக்கு வரலயே. எப்படி?"

போர்வை சரியும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் காலைத் தூக்கியபடியே கிடந்தாள்.