கால்குலஸ் படுத்தும் பாடு

கூனிக் குறுகி எதிரே உட்கார்ந்திருந்தவரிடம், கட்டடமே அதிரும்படி முழங்கினார் டியூஷன் வாத்தியார்.

“கால்குலஸ்னா சும்மாவா? டிஃபரன்சியேஷன்ல பாதிப் பேர் படுத்துடுவாங்க. இன்டெக்ரேஷன்ல மிச்சப் பேர் ஊரைவிட்டே ஓடிடுவாங்க! பொண்ணு பன்னிரண்டாம் வகுப்புதானே?”

“ஆமா சார்.”

“அல்ஜீப்ராவாவது ஞாபகம் இருக்கா?”

“சுத்தமா மறந்துபோச்சு சார்.”

“போச்சுடா! விளையாட்டுலயே பொழுதைக் கழிச்சாச்சா?”

வந்தவரின் தலை மேஜைக்கு அடியிலேயே போய்விட்டது.

“ஆமா சார். இருபது வருஷமா.”

“என்னது? பொண்ணுக்கு வயசே பதினேழுதானே இருக்கும்?”

“டியூஷன் எனக்கு சார். நான் அவ ஸ்கூல்ல டிரில் மாஸ்டர். கணக்கு டீச்சர் பிரசவ லீவுல போயிட்டாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து அவ வகுப்புக்குக் கணக்கு நான் எடுக்கணுமாம்.”

“அதனாலென்ன, சமாளிச்சிடலாம்!”

“அந்த வகுப்புல கணக்குல ஃபர்ஸ்ட் வர்றவளே என் பொண்ணுதான் சார். முதல் பெஞ்சுல உக்காந்திருப்பா.”