ஜோடிப் பச்சை

“இடுப்பு ஒண்ணுக்குப் பன்னிரண்டு பாய். ரெண்டு இடுப்புக்கு இருபத்துநாலு. ஒரு நார்கூடக் குறையாது, யாவாரி” என்றார் பச்சை குத்தும் ஆசான் லோதோ.

முடைகிறவளின் கண்பார்வையில் பாதியைத் தின்றுவிட்டுத்தான் அப்படி ஒரு பாய் முடியும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே பெட்டியிலிருந்து வெளியே வரும். சாமோவாவில் அதைக் கடையில் வைத்து விற்றவனும் கிடையாது, வாங்கியவனும் கிடையாது.

ஆபியா சந்தையில் அழுகின சேப்பங்கிழங்குக்கும் ஆதி அந்தம் சொல்லி விலை ஏற்றுகிற ஃபாலானிகோ, “சரி” என்றார்.

சவாயி தீவிலிருந்து காலைப் படகில் வந்து இறங்கிய ஆசானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பேரம் பேசலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“பேரம் இருக்கு. நாள்ல பேசறேன். எத்தனை நாள்ல முடிப்பீங்க?”

“ரெண்டு வாரம்.”

“ஒரு மாசம் ஆக்குங்க.”

ஆசான் வாய்விட்டுச் சிரித்தார். “எவனா இருந்தாலும் சீக்கிரம் முடிங்கன்னு என் காலப் பிடிப்பான். நீர் என்னடான்னா வலியை மொத்தமா வாங்கி மூட்டை கட்டுறீர்!”

“மாசம் பூரா உங்களுக்கும் உங்க ஆளுங்களுக்கும் சோறு என்னோடது. பன்னி, கோழி, மீன். மெதுவாத் தட்டுங்க.”

“சோத்தைக் காட்டி மடக்குறீர். சரி, போகட்டும். என்ன கோலம்? ஒவ்வொருத்தனுக்கும் அவனவன் குடும்பக் குறி உண்டு.”

“ரெண்டு பேருக்கும் என் குடும்பக் குறி. ஒரே கோலம். முதுகுல படகு, தொடையில எங்க வீட்டு வரி. பாத்தா ஒரே வீட்டு ஆளுங்கன்னு தெரியணும்.”

ஆசான் தோலில் தட்டிக் குத்தும் பன்றிக்கொம்புச் சீப்புகளை வரிசையாக எடுத்து வைத்தார். வைத்துக்கொண்டே சட்டம் சொன்னார். வீட்டில் பீர் கூடாது. சண்டை கூடாது. சீப்பு பட்டவனை ஒரு நொடி தனியாக விடக் கூடாது. “ஒண்ணுக்குப் போனாலும் கூடவே ஒரு ஆள் போகணும். தனியா மாட்டினான்னா பேய் தூக்கிட்டுப் போயிடும்.”

“விட மாட்டேன்” என்றார் ஃபாலானிகோ.

பின்கட்டில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த மனைவி சலோமே, கத்தியும் கையுமாக வந்து நின்றாள். “இந்தா பாருங்க, அந்த செமிசி இந்தப் பாயில கால் வச்சான்னா நான் என் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“ஜோடியா குத்திக்கிறோம்னு நம்ம இயோனாவும் அவனும் பத்து வயசுல கையடிச்சுக்கிட்டவங்க. சொன்ன சொல் கெட்டா நம்ம வீட்டுக்குத்தான் அசிங்கம்.”

“அசிங்கத்தைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க.”

திரும்பிப் போனாள். தேங்காய் மறுபடி உடைபட்டது, தேவைக்கு மேல் வேகமாக.

வெளியே மழையில் நனைந்தபடி செமிசி நின்றிருந்தான். இருபத்திரண்டு வயதுக்குத் தோள் அப்படித் தொங்கியிருக்கக் கூடாது. ஃபாலானிகோ போய் அவன் கையைப் பிடித்தார்.

“வேணாங்க ஐயா. என்னைப் போக விடுங்க.”

“எங்க போவே? பாறைக்கா?”

அவன் கையை உருவப் பார்த்தான்.

“தினம் சாயங்காலம் அங்கதான் போய் நிக்கறியாம். மீன் பிடிக்கவான்னு கேட்டேன். தூண்டிலே எடுத்துட்டுப் போறதில்லையாமே?”

செமிசி தலையைக் குனிந்துகொண்டான். ஃபாலானிகோ பிடியை விடாமல், மாட்டைத் தொழுவத்துக்கு இழுத்து வருவதுபோல் அவனை உள்ளே கொண்டுவந்து பாயில் உட்கார வைத்தார். பின்கட்டில் தேங்காய்ச் சத்தம் நின்றுபோயிற்று.

“இவன் சரி. ஜோடி எங்கே?” ஆசான் சுற்றிலும் பார்த்தார். “ஒத்தை ஆளை நான் தொட மாட்டேன், யாவாரி. பாதியில ஓடிட்டான்னா ஆயுசுக்கும் அவனுக்கு அவமானம், எனக்கும் கெட்ட பேரு. சாயங்காலம் ஒரு படகு இருக்கு. மூட்டையைக் கட்டிடுவேன்.”

“இருக்கு, ஆசானே. ஆள் இருக்கு.”

“தாங்குவானா?”

“தாங்குவான். இதைவிடப் பெரிசையே தாங்கிட்டு நிக்கிறான்.”

“மூத்த வீட்டு ஆள்தான் முதல்ல படுக்கணும். கூப்பிடும் உம்ம பையனை.”

ஃபாலானிகோ சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். ஐம்பத்தெட்டு வயதுத் தொப்பையை ஒரு பக்கம் ஒதுக்கி, செமிசிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தார்.

“என்ன விளையாட்டு இது? இயோனா எங்கய்யா?”

“வாசல்ல, புது சிமெண்டுச் சமாதிக்கு அடியில” என்றார் ஃபாலானிகோ, பாயில் முகத்தைப் புதைத்தபடி. “அவன் போன அன்னிக்கு லாரியை ஓட்டினது இவன். போன பிள்ளை ஒண்ணு, போகப் பாக்குற பிள்ளை ஒண்ணு. எப்படிக் கூட்டினாலும் நேர் ஆகாத கணக்கு. நீங்க தட்டுங்க, ஆசானே.”