மேயரின் சீடர்கள்

நூலகத்திலிருந்து எடுத்த அந்தப் புத்தகத்தை மகேந்திரராஜா மூன்று தடவை வாசித்துவிட்டார்.

அறுபது வருடங்களுக்கு முன் அமெரிக்க நகரம் ஒன்றை ஆண்ட மேயரின் வாழ்க்கை வரலாறு அது. பனிக்கட்டி விற்றுத் திரிந்தவர் ஐந்து முறை மேயரான கதை. சாதுவான எதிராளி ஒருவரைத் தானே தேடிப் பிடித்துப் போட்டிக்கு நிறுத்துவாராம். தேர்தலன்று, எப்போதோ செத்தவர்கள்கூட எழுந்து வந்து வாக்குப் போடுவார்களாம். மேயர் கண்மூடிய பிறகு நடந்த தேர்தலிலும் அவருடைய வாக்கு தவறாமல் விழுந்ததாம்.

மகேந்திரராஜாவும் லேசுப்பட்டவரல்ல. மெல்பேர்ன் தமிழர்கள் கூடிய சங்கம் ஒன்றுக்கு, இந்த 1977 வரை, நாலு வருடமாக அவர்தான் தலைவர். விமான நிலையத்தில் வந்திறங்கும் தமிழர் முதலில் காண்பது அவர் முகத்தைத்தான். சாப்பிட உட்கார்ந்தால் தொலைபேசி அடிக்கும். அவ்வளவு செல்வாக்கு!

இந்த முறை போட்டிக்குக் கணேசலிங்கத்தை அவரே வற்புறுத்தி நிறுத்தினார். கணேசலிங்கம் பரம சாது.

"நீங்கள் நினைச்சது இந்த முறை நடக்காட்டி, நான் பிள்ளையளோட யாழ்ப்பாணம் போயிடுவன். சொல்லிப்போட்டன்" என்றாள் மனைவி யோகராணி.

"நடக்கும். பொறுத்திரும்."

வெள்ளைத் தாளை நாலாகக் கிழித்து, விரும்பியவர் பெயரை எழுதிப் பிஸ்கற் தகரத்தில் போடுவதுதான் சங்கத்து வாக்களிப்பு. மகேந்திரராஜா வேலையிடத்தில் மதிய இடைவேளையில் முப்பது சீட்டு எழுதினார், இடக்கையாலும் வலக்கையாலும் மாற்றி மாற்றி. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அதற்காக இன்னொரு தமிழர் காத்திருப்பதாக நூலகப் பெண் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

தேர்தலன்று தேவாலய மண்டபத்துக்கு வந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர். தகரத்தில் இருந்தவை நூற்றுப்பத்துச் சீட்டுகள். சீட்டுகளை எண்ணிய சங்கச் செயலாளர் இராஜேஸ்வரி அக்கா கொஞ்சம் யோசித்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"கணேசலிங்கம் ஐம்பத்திரண்டு, மகேந்திரராஜா ஐம்பத்தெட்டு. அவரே தலைவர்!"

கைதட்டல் அதிர்ந்தது. மகேந்திரராஜா அப்படியே கதிரையில் சாய்ந்தார். யோகராணி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

"தலைவர், அஞ்சு மணிக்குள்ள மண்டபத்தைக் கூட்டித் துடைச்சுக் குடுக்கவேணும். சோறு காய்ச்சின கிடாரத்தையும் கழுவிக் கொண்டுபோய்க் குடுத்திடுங்கோ" என்று இராஜேஸ்வரி அக்கா மண்டபக் கதவுத் திறப்பை நீட்டினார். "நாளைக்கு விடிய ரெண்டு குடும்பம் வந்திறங்குது. உங்கட வீட்டிலதான் தங்கல்."

மாலை போட வந்த கணேசலிங்கம் காதோரம் குனிந்தான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. அந்த மேயர்ட புத்தகத்தை நானும் படிச்சனான். உங்கட பேரெழுதி முப்பத்தேழு சீட்டுப் போட்டனான்."

மகேந்திரராஜா விளக்குமாற்றை எடுத்தார். அவர் எழுதிப் போட்ட முப்பது சீட்டிலும் இருந்தது கணேசலிங்கத்தின் பெயர்.