மீன் இல்லாத தொட்டி

ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரான டவுன்ஸ்வில்லில், தன் வீட்டுக் கூடத்தில் டேரன் வைத்த முதல் கடல்நீர்த் தொட்டியில், ஒரு மாதமாக உப்புத் தண்ணீரும் கடற்கரையிலிருந்து அவனே தூக்கி வந்த கல்லும்தான் இருந்தன. தண்ணீர் பக்குவப்பட்டதும் முதலில் இறால்களை விட்டான். அவை தினம் ஒன்றாகக் காணாமல் போயின.

"உன் பூனை வேலைதான், லியான்," என்றான் மனைவியிடம்.

"ஆமா, மூடியைத் திறந்து தின்னுட்டுத் திரும்ப மூடியும் வைக்குது பாரு! மீனே இல்லாத தொட்டிக்கு இவ்வளவு சந்தேகமா?"

"அப்ப நீ கை வச்சியா?"

"உன் உப்புத் தண்ணியை நான் தொட்டதே இல்லப்பா."

டேரன் கல்லின் பொந்துக்குள் டார்ச் அடித்தான். கட்டைவிரல் அளவு ஆக்டோபஸ் ஒன்று சுருண்டது. அதன் உடம்பெங்கும் நீல வளையங்கள் பளிச்சிட்டன. அதன் கடி வலிக்காது, மூச்சுதான் நின்றுபோகும் என்பது அந்தக் கரையில் குழந்தைகளுக்கும் தெரியும்.

"இந்தக் கல்லை நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தேனே..." என்றான் டேரன்.

லியான் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ ஆசையா வச்ச தொட்டியாச்சேன்னு... நீ வேலைக்குப் போனதும் தினமும் அந்தப் பொந்துல விரலை விட்டுப் பாசி எடுக்கறது நான்தான், டேரன்."

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். பிறகும் அந்தக் கையை விடவில்லை.