கட்டைவிரல் நகம்

பட்டறையின் மாலை வெயிலில், முகம் சீவி முடித்த சிலிண்டர் ஹெட் கண்ணாடியாய் மின்னுகிறது. மினுக்கைக் கண்டு மயங்குகிற ஆளில்லை பட்டறைக்காரர். இன்ஜினோடு ஒட்ட வேண்டிய அந்த முகத்தில் நகம் சிக்குமளவு ஒரு கீறல் இருந்தால் போதும், இடையில் வைக்கிற கேஸ்கெட் கசிந்து வண்டி நடுவழியில் படுத்துவிடும். அதன்மேல் இழுத்துப் பார்ப்பதற்கென்றே அவர் வளர்த்த கட்டைவிரல் நகம்தான் இப்போது இல்லை. ஸ்டூலில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள்; ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் இந்தப் பக்கம் வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் வெட்டாமல் விட்ட நகங்கள் அவளுக்கு நீண்டிருக்கின்றன. “உன் நகத்தால இதுல மெதுவா ஒரு இழு இழுத்துப் பாரேன்” என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறாள். விரல் பாதியில் தயங்குகிறது. “இங்க சிக்குது.” “அப்ப இன்னொரு தடவை சீவணும்.” “அது இருக்கட்டும், உங்க நகம் எங்க?” அவர் கையை எண்ணெய்த் துணிக்குள் சுருட்டுகிறார். அவள் அந்தக் கையைப் பிடித்திழுத்து வெயிலில் திருப்புகிறாள். நகம் சதைவரை கடித்துத் துப்பப்பட்டிருக்கிறது. ஓரத்தில் பல் தடம். “உள்ள எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப, வெளிய பெஞ்சுல நல்லாத் தூங்கிட்டேன்னு சொன்னீங்க.” மெஷின் சத்தத்தில் தப்பித்துக்கொள்ளலாமென்று அவருடைய மறு கை சுவிட்சை நோக்கி நீள்கிறது. எட்டவில்லை. அவள் விரலை விடுவதாயில்லை.